பாசி விட்ட வயலில் மருந்து அடிக்குமுன்

நெல் வயலில் தேங்கும் தண்ணீருக்குள் நீலப்பச்சைப்பாசி காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கிறது என்பதை 1939-லேயே பி.கே. டே காட்டிவிட்டார். நன்றாகப் படர்ந்தால் ஒரு பருவத்தில் எக்டேருக்கு 20 முதல் 30 கிலோ வரை தழைச்சத்து சேரும். பல வயல்களில் இது கிடைக்காமல் போவதற்குப் பாசியின் தரம் மட்டும் காரணமில்லை. எந்த மருந்தை எந்த நாளில் தண்ணீரில் கலந்தோம் என்பதும் காரணம்.

பாசிக்கு முதல் எதிரி களைக்கொல்லிதான். பாசியும் வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கிற உயிர். அந்தத் தயாரிப்பை முடக்கிக் களையைக் கொல்லும் டையூரான், அட்ரசின், புரோபனில் போன்றவை பாசியையும் விட்டுவைப்பதில்லை. பூட்டாகுளோர் அளவு மீறினால் கெடுதல். ஏக்கருக்கு ஒரு லிட்டர் என்பதைத் தாண்டாதீர்கள். அதை 20 கிலோ மணலில் கலந்து நட்ட மூன்றாம் நாள் தூவிவிடுங்கள். அதன்பின் மூன்று நாள் தண்ணீரை வடிக்கக் கூடாது, அடுத்தவர் வயலுக்குத் திருப்பவும் கூடாது. தானாகச் சுண்டியதும் புதுத்தண்ணீர் கட்டுங்கள். பத்தாம் நாள், இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கையில், ஏக்கருக்கு 4 கிலோ பாசிச் செதில் தூவலாம். கோனோவீடர் ஓட்டுவதானால் முதலில் அதை ஓட்டிவிட்டுத் தூவுங்கள். யூரியாவை அதே நாளில் போட வேண்டாம். தண்ணீரில் தழைச்சத்து தாராளமாக இருந்தால் பாசி காற்றிலிருந்து எடுக்காது.

அடுத்தது செம்பு. குளத்துப் பாசியை ஒழிக்க மயில்துத்தம் போடுவது தெரிந்ததுதானே? காப்பர் ஆக்சிகுளோரைடும் அதே செம்புதான். இலையில் அடித்தது வழிந்து தண்ணீரில்தான் சேரும். பாக்டீரியா இலைக்கருகலுக்கு அதற்குப் பதிலாக 20 சத பசுஞ்சாணக் கரைசல் அடித்துப் பாருங்கள்.

பூச்சிமருந்தின் கதை விசித்திரமானது. சில மருந்துகளுக்குப் பின் பாசி பெருகுவதும் உண்டு, ஏனென்றால் அதை மேயும் கொசுப்புழுக்களும் ஓட்டுடலிகளும் செத்துப்போகின்றன. அதற்காக மருந்து அடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். சிலந்தியும் தட்டானும் சேர்ந்தே போகும். வியட்நாமின் மீகாங் வடிநிலத்தில், விதைத்த முதல் 40 நாள் இலை தின்னும் புழுவுக்கு மருந்து வேண்டாம் என்று 1990-களில் உழவர்களிடம் பரப்பினார்கள். இளம்பயிர் அந்தச் சேதத்தை ஈடுகட்டிக்கொள்ளும். பாசி படர்வதும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான். குருத்துப்பூச்சிக்கும் பத்து சதக் குருத்து காய்ந்த பிறகே மருந்தைப் பற்றி யோசியுங்கள்.

புது மருந்து எதையாவது கடைக்காரர் கையில் கொடுத்தால், வயலில் இறக்குமுன் சோதித்துவிடலாம். ஒரு மீட்டர் நீள அகலத்தில் இரண்டு குழி வெட்டி, பாலித்தீன் விரித்து, வயல் மண்ணும் 25 லிட்டர் தண்ணீரும் ஒரு பிடி சூப்பர் பாஸ்பேட்டும் போட்டு, இரண்டிலும் ஒரே அளவு செதில் தூவுங்கள். பாசி மிதக்கத் தொடங்கியதும் ஒரு குழியில் மட்டும் மருந்து விடுங்கள். ஏக்கருக்கு ஒரு லிட்டர் மருந்தென்றால் குழிக்குக் கால் மில்லி; ஒரு மில்லியை 100 மில்லி தண்ணீரில் கரைத்து அதில் 25 மில்லி எடுத்தால் சரியாக வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஆடு மாடு குடிக்காதபடி மூடி வையுங்கள். ஒரு வாரத்தில் மருந்து விட்ட குழியில் மட்டும் பாசி வெளுத்து அடியில் படிந்தால், அந்த மருந்தைப் பாசி விட்ட வயலுக்கு வாங்காதீர்கள்.