நோயுற்றோரின் விருப்பமும் குடும்பத்தின் கடமையும்

முன்பெல்லாம் நம் சிற்றூர்களில் முதியவர்கள் தங்கள் வீட்டிலேயே கண்மூடினார்கள். இன்று புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. திருச்சியும் மதுரையும் தொலைவில்லை. ஆகவே, "செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தலாமா? வீட்டார் கலந்து சொல்லுங்கள்" என்ற கேள்வி எந்தக் குடும்பத்துக்கும் வரலாம். பெரியப்பா ஒன்று சொல்வார், அத்தை வேறொன்று சொல்வார். அவ்வேளையில் நாம் எவ்வாறு முடிவெடுப்பது?

முதலாவது, நோயாளிக்கு நினைவு தெளிவாயிருந்தால் அவரிடமே கேட்க வேண்டும். இல்லையேல், "நமக்கு என்ன வேண்டும்?" என்று எண்ணாமல், "அவர் பேச முடிந்தால் என்ன கேட்பார்?" என்று எண்ண வேண்டும்.

இரண்டாவது, குடும்பத்தின் சார்பில் ஒருவர் மருத்துவரிடம் தெளிவாகக் கேட்க வேண்டும். இச்சிகிச்சை நோயைத் தீர்க்குமா, சாவைத் தள்ளிப்போடுமா? வேதனை எவ்வளவு? சில நாள் பார்த்துப் பயனில்லையெனில் நிறுத்தலாமா?

மூன்றாவது, திருச்சபையின் போதனையை அறிய வேண்டும். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள்வது நம் கடமை. பெருஞ்சுமையாகும் அசாதாரண வழிகளைக் கையாளக் கடமையில்லை என்று 1957 நவம்பர் 24 அன்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் விளக்கினார். ஆனால் கருணைக்கொலையைத் திருச்சபை ஒருபோதும் ஏற்பதில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு வழி வகுத்துள்ளது. தீராத நோயில் தமக்கு எச்சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. 2023 ஜனவரியில் அம்முறை எளிதாக்கப்பட்டது. வயது வந்தவர் 2 சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும். கருவியை நிறுத்துமுன் 2 மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து ஒப்புதல் அளிக்க வேண்டும்.

கருவியை நிறுத்துவது கவனிப்பை நிறுத்துவதன்று. வலி தணிக்கும் மருந்து, உலர்ந்த வாயை நனைத்தல், புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தல், நோயில் பூசுதல் என்னும் அருட்சாதனம், அருகிலிருந்து செபித்தல் ஆகியவை இறுதிவரை தொடர வேண்டும்.

தோழியரே, நம் தாத்தா பாட்டியர் நலமாயிருக்கும்போதே அவர்கள் விருப்பத்தை அன்போடு கேட்டறிவோம். அதுவே நெருக்கடி வேளையில் நம் பெற்றோரின் மனச்சுமையைக் குறைக்கும்.