ஆள் தேவை: சொந்த இணையதளத்தில் அறிவிப்பது எப்படி?

செஞ்சி பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால் ‘ஆட்கள் தேவை’ என்ற அட்டை நாலு கடையிலாவது தொங்கும். அதே தெரு வழியாக, வேலை தேடும் பிள்ளைகள் விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகிறார்கள். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பதில்லை. அட்டை தொங்கும் தெருவில் நடப்பவர் கண்ணில் மட்டும்தானே அது படும்?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் கால ராணுவக் கோட்டைகள் 12-ல் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். கோட்டை பார்க்க வருபவர்களைக் கவனிக்க லாட்ஜ், ஓட்டல், வாடகைக் கார் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். இவற்றில் பலவற்றுக்கு இணையதளமும் இருக்கும். ஆனால் அதில் அறையின் படம் இருக்கும், கட்டணம் இருக்கும். ‘எங்களிடம் வேலை செய்யுங்கள்’ என்று ஒரு பக்கம் இருக்காது. அந்த ஒரு பக்கத்தை எப்படி எழுதுவது என்பதுதான் இந்தப் பாடம்.

வேலை தேடி வருபவருக்கு மனசில் ஓடுவது மூன்று கேள்வி. சம்பளம் எவ்வளவு? எத்தனை மணிக்கு வரணும், எத்தனை மணிக்குப் போகலாம்? ராத்திரி வீட்டுக்குப் போக பஸ் இருக்கா? செஞ்சிக்கு ரயில் நிலையம் கிடையாது. மேல்மலையனூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண்ணுக்குக் கடைசி பஸ் நேரம், சம்பளத்தைவிட முக்கியமாகக்கூட இருக்கலாம். ‘திறமைக்கேற்ற ஊதியம்’ என்று எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதைப் படிப்பவர் ‘கம்மியாத்தான் கொடுப்பாங்க’ என்றே எடுத்துக்கொள்வார்.

ஒரு லாட்ஜுக்கு வரவேற்பாளர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘வரவேற்பாளர், 2 இடம். பிளஸ் டூ போதும். தமிழ் பேசணும், ஆங்கிலம் ஓரளவு வந்தால் நல்லது. காலை 8 முதல் மாலை 5 வரை. வாரம் ஒரு நாள் விடுப்பு. மதியச் சாப்பாடு உண்டு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு.’ இதற்குக் கீழே சம்பளத்தையும் கடைசித் தேதியையும் எண்ணில் போடுங்கள். அவ்வளவுதான், பத்து வரி தாண்டாது. கடைகளில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. உங்கள் கடையில் அந்த வசதியைச் செய்திருந்தால் அதையும் ஒரு வரி சேர்க்கலாம். துணிக்கடை வேலைக்கு வருபவர்கள் அதைக் கவனிப்பார்கள். ‘ஆண்கள் மட்டும்’ என்று பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள். ஆள் எடுப்பதில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்பது 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டக் காலத்திலிருந்தே உள்ள விதி.

அடுத்தது, பக்கம் தேடலில் சிக்க வேண்டும். பலர் அறிவிப்பை அழகான போஸ்டராக வடிவமைத்துப் படமாக ஏற்றிவிடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. எழுத்தை எழுத்தாகவே, யூனிகோடு தமிழில் போடுங்கள். ஊர்ப் பெயரைத் தமிழில் ஒரு முறையும், ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சி’, ‘செஞ்சி’ என்ற இரண்டு எழுத்துக்கூட்டலிலும் எழுதுங்கள். தேடுபவர் எதைத் தட்டுவார் என்று சொல்ல முடியாது. கூகுள் 2018 ஏப்ரலில் இந்தியாவில் வேலைகளுக்கென்று தனித் தேடல் வசதி கொண்டுவந்தது. ‘ஜாப் போஸ்டிங்’ என்ற குறிப்பைப் பக்கத்தில் சேர்த்தால் அந்தத் தேடலில் உங்கள் அறிவிப்பும் வர வாய்ப்புண்டு. இணையதளம் செய்து கொடுத்தவரிடம் இந்தச் சொல்லைச் சொன்னாலே அவருக்குப் புரியும்.

விண்ணப்பப் படிவம் செல்போனில் இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டும். பெயர், போன் நம்பர், படிப்பு, எப்போது சேர முடியும். இதற்கு மேல் எதற்கு? ஆதார் நகலும் வங்கிக் கணக்கும் ஆளை எடுத்த பிறகு கேட்டால் போதும். ஒருவரின் தகவலை அவர் சம்மதத்தோடு, சொன்ன காரணத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

இன்னொரு வரியைப் பெரிய எழுத்தில் போட்டே ஆகவேண்டும்: ‘வேலைக்காக நாங்கள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை.’ கம்பெனிப் பெயரைச் சொல்லி, பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம் என்று வாட்ஸ்அப்பில் பணம் பறிக்கும் கூட்டம் இருக்கிறது. ‘இது நிஜ வேலையா?’ என்று சந்தேகப்படும் பிள்ளை முதலில் பார்ப்பது நிறுவனத்தின் இணையதளத்தைத்தான். அங்கே முகவரியும், எடுத்துப் பேசும் ஒரு போன் நம்பரும் இருந்தால் அந்தப் பணம் தப்பும். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

சொந்தப் பக்கம் மட்டும் போதாது. அரசின் தமிழ்நாடு தனியார்துறை வேலை இணையத்தில் வேலை தருபவரும் தேடுபவரும் கட்டணமின்றிப் பதியலாம், 2020-ல் தொடங்கியது. அதே அறிவிப்பை அங்கும் ஏற்றுங்கள். சந்தேகம் இருந்தால் விழுப்புரம் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் கேட்கலாம். இடம் நிரம்பிய அன்றே இரண்டு இடத்திலும் அறிவிப்பை எடுத்துவிடுங்கள். கிடைக்காதவர்களுக்கு ‘இந்த முறை இல்லை’ என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். அடுத்த சீசனில் ஆள் தேவைப்படும்போது நீங்கள் முதலில் கூப்பிடப்போவது அவர்களைத்தான்.