உங்கள் உழைப்புக்கும் விலை போடுங்கள்
மகளிர் கூட்டுத்தொழில்: கேள்வி-பதில்

கேள்வி: நாங்கள் 12 பேர் கொண்ட சுயஉதவிக் குழு. சேமிப்பும் கடனும் தடங்கல் இல்லாமல் நடக்கிறது. இப்போது அப்பளம் போட்டு விற்க ஆசைப்படுகிறோம். லிஜ்ஜத் அப்பளம் மாதிரி கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்வதா, உற்பத்தியாளர் கம்பெனி தொடங்குவதா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: பதிவைப் பிறகு பார்க்கலாம். லிஜ்ஜத்தை உதாரணம் காட்டாத கடிதமே எனக்கு வருவதில்லை. ஆனால் சட்டப்படி அது கூட்டுறவுச் சங்கம் அல்ல. 1966இல் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான அமைப்பு. அதற்கு ஏழு வருடம் முன்பே, 1959 மார்ச்சில், மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். முதல் மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் நான்கு மாதம் தொழில் நின்றது. அடுத்த வருடம் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலில் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டிக் காயவைத்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நீங்கள் எங்கே காயவைக்கப் போகிறீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதலில் அதைப் பேசி முடியுங்கள்.

சேமிப்புக்கும் கடனுக்கும் குழுவே போதும். சேர்ந்து உளுந்து வாங்கி, ஒரே பெயரில் பில் போட்டு விற்கும் அளவுக்கு வியாபாரம் வளரும்போது பதிவு வேண்டும். உற்பத்தியாளர் கம்பெனிக்குப் பத்து உற்பத்தியாளர்கள் இருந்தால் போதும். அதிலும் பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். ஆனால் வருடா வருடம் ஆடிட்டர் செலவு உண்டு, கணக்குத் தாக்கல் உண்டு, தவறினால் அபராதமும் உண்டு. அந்தச் செலவைத் தாங்கும் விற்பனை வரட்டும்.

கேள்வி: பெண்கள் கூட்டாகத் தொழில் தொடங்கினால் எவ்வளவு மானியம் கிடைக்கும்?
– வாசகி, ஓசூர்

பதில்: என்ன தொழில் என்றே நீங்கள் எழுதவில்லை. அதைத் தீர்மானித்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் சங்கத் தலைவியின் கணவர்தான் கூட்டத்தில் முன்னால் உட்கார்ந்து பேசுகிறார். நல்ல மனிதர், உதவியும் செய்கிறார். எப்படி வேண்டாம் என்பது?
– பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்: அவர் உறுப்பினர் இல்லையென்றால் கூட்டத்தில் அவருக்கு இடமில்லை. உதவி செய்கிறவர் வெளியே இருந்தும் செய்யலாம். தீர்மானப் புத்தகமும் காசோலையும் அவர் கையில் இருந்தால் இன்றைக்கே திரும்ப வாங்குங்கள்.

கேள்வி: ஆறு பேர் சேர்ந்து இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் செய்கிறோம். சாமான், மில் அரைவை, கேஸ், பாக்கெட், லேபிள் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 280 ரூபாய் ஆகிறது. 320க்கு விற்கிறோம். அரைநாள் உட்கார்ந்தால் பத்து கிலோ முடிந்துவிடும். கிலோவுக்கு 40 ரூபாய் லாபம் இருந்தும் வருடக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. இரண்டு பேர் இனி வரமாட்டோம் என்கிறார்கள். குழுவில் ஒற்றுமையை எப்படி வளர்ப்பது?
– வாசகி, விருதுநகர்

பதில்: உங்கள் குழுவில் ஒற்றுமைக்குக் குறைவில்லை. விலையில்தான் குறை.

நீங்கள் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். பத்து கிலோவுக்கு மிஞ்சுவது 400 ரூபாய். ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 66 ரூபாய் சொச்சம். அரைநாள் அடுப்பு அனலில் நின்று மிளகாய் நெடியில் இருமியதற்கு இவ்வளவுதான். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அரசு நிர்ணயித்த தினக் கூலி 336 ரூபாய். அதில் பாதி 168. அந்தக் கூலியை ஆறு பேருக்கும் போட்டால் 1,008 ரூபாய், அதாவது கிலோவுக்கு நூறு ரூபாய். ஆக அடக்கவிலை 280 இல்லை, 380. நீங்கள் 320க்கு விற்கிறீர்கள். ஒவ்வொரு கிலோவுக்கும் 60 ரூபாயை உங்கள் கையிலிருந்து போட்டு வாடிக்கையாளருக்குக் கொடுத்து அனுப்புகிறீர்கள். வரமாட்டேன் என்று சொன்ன இரண்டு பேர் இந்தக் கணக்கை மனதிலேயே போட்டுப் பார்த்துவிட்டார்கள். அவர்கள்மேல் கோபப்படாதீர்கள்.

எனக்கு இதில் உள்ள ஆற்றாமையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கணக்குப் பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் வரவு-செலவு நோட்டைப் புரட்டுகிறேன். மிளகாய் வற்றலுக்கு வரி இருக்கிறது. கல் உப்புக்கு இருக்கிறது. ஆட்டோ வாடகையும் டீச் செலவும்கூட இருக்கிறது. வறுத்த கைக்கு மட்டும் ஒரு வரி இல்லை. கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்: “நம்ம வேலைதானே, அதுக்கு என்ன காசு?” வெளியிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டு வறுக்கச் சொன்னால் சாயங்காலம் கூலியை எண்ணி வைக்காமல் அனுப்புவீர்களா? வீட்டில் காலமெல்லாம் சம்பளமில்லாமல் செய்து பழகிய வேலையை அதே பழக்கத்தோடு தொழிலுக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். மலிவாக விற்றால் நிறைய விற்கும் என்பது உண்மைதான். கூலி போடாத பொருள் எவ்வளவு கூடுதலாக விற்கிறதோ, அவ்வளவு கூடுதலாக நீங்கள் இலவசமாக உழைக்கிறீர்கள்.

லிஜ்ஜத்தின் பலமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. பிசைந்த மாவைக் கிளையில் வாங்கிப் போய் வீட்டில் தேய்த்து, காயவைத்துத் திருப்பிக் கொடுக்கும் பெண்ணுக்கு எடைக்குத் தக்க கூலி. லாபம் என்ற பேச்சு அதற்குப் பிறகு. ஆரம்ப நாளில் அவர்களும் உயர்ந்த ரகம், மலிவு ரகம் என்று இரண்டு வைத்திருந்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய சகன்பாபா, தரத்தை ஒன்றாக்கச் சொன்னார். கணக்கை ஒழுங்காக எழுதச் சொன்னார். நீங்களும் மலிவு ரகம் என்ற யோசனைக்குப் போக வேண்டாம்.

நாளையிலிருந்து நோட்டில் ஒரு பத்தி கூடுதலாகப் போடுங்கள்: புடைக்க, வறுக்க, ஆறவைக்க, பாக்கெட் போட யார் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்று. வாரக் கடைசியில் கூலியைக் கையில் கொடுங்கள். முழுக் கூலி கொடுக்க முடியாவிட்டால் பாதியைக் கொடுத்து, மீதியைப் பாக்கி என்று எழுதுங்கள். எழுதாமல் மட்டும் விடாதீர்கள். எந்த வேலைக்கு நேரம் அதிகமாகப் போகிறதோ அதற்குத்தான் இயந்திரம் வாங்க வேண்டும். விலையை 420க்கு மேல் வையுங்கள். கிலோ விலையைக் கேட்டு மலைக்கிறவர்கள் நூறு கிராம் பாக்கெட்டை யோசிக்காமல் வாங்குவார்கள். சிலர் விலகிப் போவார்கள். போகட்டும்.

கேள்வி: எங்கள் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தில் பள்ளிச் சீருடைத் துணி வரும் மாதங்களில் மட்டும் வேலை இருக்கிறது. மற்ற மாதம் மிஷின் சும்மா கிடக்கிறது. சங்கத்தில் இருப்பதில் பயன் உண்டா?
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: நிச்சயம் உண்டு. வருடந்தோறும் அரசு ஆர்டர் வரும் சங்கம் சாதாரண சொத்து இல்லை. ஆனால் ஒரே வாடிக்கையாளரை நம்பி இருப்பதில் நீங்கள் படும் சிரமத்தையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். சும்மா இருக்கும் மாதங்களுக்கு வெளி ஆர்டர் எடுக்கலாமா என்று சங்கத்தின் துணைவிதியைப் பாருங்கள். இடம் இருந்தால் மருத்துவமனைத் தலையணை உறை, தனியார் பள்ளிச் சீருடை, துணிப்பை என்று கேட்டுப் போங்கள். 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிய பிறகு கல்யாண வீடுகளிலும் துணிப்பை கேட்கிறார்கள். தனியாகப் போய்க் கேட்கிற தையல்காரிக்கு ஆயிரம் பையை நம்பித் தர யோசிப்பார்கள். முப்பது மிஷின் உள்ள சங்கத்துக்குத் தருவார்கள். ஒன்று மட்டும்: காஜாவும் பட்டனும் சரியில்லை என்று ஒருமுறை திரும்பி வந்தால் அந்த ஆர்டர் மறுபடி வராது.

கேள்வி: அம்மாதான் இரண்டு மாட்டையும் பார்க்கிறார். பால் சங்கத்தில் உறுப்பினர் அப்பா. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவரைச் சேர்ப்பார்களா?
– வாசகி, சங்ககிரி

பதில்: தாராளமாகச் சேரலாம். கையெழுத்துத் தெரியாதது ஒரு குறையே இல்லை, அம்மாவிடம் சொல்லுங்கள். 1974இல் அகமதாபாத்தில் இலா பட் தலைமையில் நாலாயிரம் ஏழைப் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குபோட்டு சேவா கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். பெரும்பாலோருக்குப் படிப்பில்லை. கையெழுத்துக்குப் பதில் பாஸ்புக்கில் போட்டோ ஒட்டி வேலை நடந்தது.

பால் ஊற்றுவது அம்மா, ஓட்டுப் போடுவது அப்பா என்பது எத்தனையோ ஊரில் இன்றும் நடக்கிறது. அம்மா பெயரில் உறுப்பினர் விண்ணப்பம் கொடுங்கள், அம்மா பெயரிலேயே வங்கிக் கணக்கும் தொடங்குங்கள். தினமும் சீட்டில் கொழுப்பு அளவையும் இதர சத்து அளவையும் நீங்கள் படித்துச் சொல்லுங்கள். பாலுக்கு விலை அதை வைத்துத்தான்.

கேள்வி: தணிக்கை அறிக்கையைக் கேட்டால், “உங்களுக்குப் புரியாதும்மா” என்கிறார் சங்கச் செயலாளர்.
– வாசகி, பரமக்குடி

பதில்: புரியவைப்பது அவர் வேலை. தணிக்கை அறிக்கை பேரவையில் உறுப்பினர்கள் முன் வைக்க வேண்டிய ஆவணம். எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் துணைப்பதிவாளருக்கு எழுதுங்கள். அடுத்த பேரவைக்கு ஐந்தாறு பேராகச் சேர்ந்து போய், கையிருப்பு எவ்வளவு, சரக்கு இருப்பு எவ்வளவு, கடைக்காரர்களிடம் நிற்கும் பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். சங்கம் நன்றாக நடக்கிறதா இல்லையா என்பது இந்த மூன்று பதிலிலேயே தெரிந்துவிடும்.