குளிக்கும் அறையில் பூஞ்சணம்

குளிக்கும் அறையில் தரையும் சுவரும் சேரும் மூலையில் கறுப்பாகப் படர்வது வெறும் அழுக்கல்ல, பூஞ்சணம். ஈரம் உள்ளவரை அது வளரும். இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு அதனால் மூச்சுத் திணறல் கூடும்.

காய்ந்தபடி சுரண்டாதீங்க, தூள் பறந்து மூச்சோடு உள்ளே போகும். கதவைத் திறந்து வைத்து, சவர்க்காரத் தண்ணி ஊற்றித் தேயுங்கள். பிறகு நன்றாகக் கழுவித் துணியால் துடையுங்கள். மிஞ்சிய கறைக்கு ப்ளீச்சிங் போடலாம். ஆனால் மலசலகூடம் கழுவும் அசிட்டை அதோடு கலக்கவே கூடாது. நச்சுப் புகை கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

கழுவினது மட்டும் போதாது. குழாய் ஒழுகினால் திருத்துங்கள். சுவர் ஓரத்தில் வெடிப்பு இருந்தால் சீமெந்து பூசி அடையுங்கள். குளித்து முடிந்ததும் தண்ணியை விளக்குமாறால் தள்ளிவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈரம் தங்காத இடத்தில் பூஞ்சணம் வளராது.