வருங்கால மாமனாரோடு கால்ஃப்: தம்பிகளுக்குப் பத்து அறிவுரைகள்

பேச்சுவார்த்தை நல்லபடியாக முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் பெண்ணின் அப்பா கேட்பார்: "தம்பி, கால்ஃப் ஆடுவீங்களாமே? ஞாயித்துக்கிழமை காலைல கிளப்புக்கு வாங்களேன்." இப்படி அழைப்பு வந்த இளைஞர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "ஜெயிக்கணுமா சார், விட்டுக் கொடுக்கணுமா?"

நெடுங்காலம் இந்த ஆட்டத்தோடு இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். உள்ளபடி ஆடுங்கள், உள்ளபடி எண்ணிச் சொல்லுங்கள். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.

1. உங்கள் நிலையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரேஞ்சில் சில மாதங்கள் பந்தடித்த பழக்கம் மட்டும்தான் என்றால் அதையே சொல்லுங்கள். கால்ஃபில் ஹேண்டிகேப் என்று ஒன்று வைத்திருப்பதே தேர்ந்தவரும் புதியவரும் சமமாக ஆடத்தான். 2020 முதல் உலகம் முழுக்க ஒரே கணக்கு, அதிகபட்சம் 54. அவர் 14, நீங்கள் 36 என்றால் வித்தியாசம் 22. ஹோலுக்கு ஒரு ஸ்ட்ரோக், கடினமான நான்கு ஹோல்களில் இரண்டு என்று உங்களுக்குச் சலுகை கிடைக்கும். கௌரவத்துக்காக 20 என்று குறைத்துச் சொன்னால் மூன்றாவது ஹோலிலேயே வெளுத்துவிடும். ஜெயிப்பதற்காக ஏற்றிச் சொல்வது அதைவிட மோசம். கால்ஃப் கிளப்பில் அதற்கு மன்னிப்பே கிடையாது. ஹேண்டிகேப் இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்கவில்லை என்றே சொல்லுங்கள்.

2. முந்தைய நாள் இரவே எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

நம் ஊர் வெயிலுக்குப் பயந்து விடியும்போதே டீ ஆஃப் வைப்பார்கள். ஆறு மணி ஆட்டத்துக்கு ஐந்தரைக்கே போய் நில்லுங்கள். காலர் வைத்த டி-ஷர்ட், முழு பேன்ட், தொப்பி, தண்ணீர். ஜீன்ஸைப் பல கிளப்புகளில் உள்ளேயே விடமாட்டார்கள். பையில் 14 கிளப்புக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு பந்திலும் ஸ்கெட்ச் பேனாவால் ஓர் அடையாளம் போடுங்கள். இருவரும் ஒரே பிராண்டு, ஒரே நம்பர் பந்தோடு வந்து நின்றால் ரஃபுக்குள் எது யாருடையது என்று தெரியாது. கிரீன் ஃபீயை உறுப்பினர் கணக்கில்தான் போட முடியும் என்பது பல கிளப்புகளின் வழக்கம். கவுன்டரில் நின்று பர்ஸை நீட்டி மல்லுக்கட்ட வேண்டாம். முதல் நாளே கேட்டுக்கொண்டு, கேடிக் கூலியும் டிபனும் என் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள்.

3. கூப்பிடும் முறையில் அவசரம் வேண்டாம்.

நிச்சயம் முடிந்துவிட்டால் 'மாமா' என்று தாராளமாகக் கூப்பிடலாம். அதுவரை 'அங்கிள்' போதும். உத்தியோகத்தில் பெரிய இடத்தில் இருந்தவர் என்றால் 'சார்'. கிளப்பில் அவருடைய நண்பர்கள் எதிர்ப்படுவார்கள். உங்களை எப்படி அறிமுகம் செய்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். நீங்களாக முந்திக்கொண்டு உறவு சொல்லாதீர்கள்.

4. கேடியை மதியுங்கள்.

பையைச் சுமப்பவர்தானே என்று நினைத்து நடத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். இந்திய கால்ஃபில் பெரிய பெயர்கள் சில அந்த வரிசையிலிருந்து எழுந்தவைதான். டெல்லி கால்ஃப் கிளப்பில் கேடியாகத் தொடங்கிய அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓபனை வென்றார்; இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் முறை. பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை வென்றார்.

பேரைக் கேட்டுக்கொள்ளுங்கள், 'அண்ணே' என்று கூப்பிடுங்கள். கிரீனில் பந்து எந்தப் பக்கம் வளையும் என்று அவர் சொன்னால் கேளுங்கள்; கேட்டு அடித்தும் விழவில்லை என்றால் அவர்மேல் பழி போடாதீர்கள். மாமனாரின் வழக்கமான கேடிக்கு அவரைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும். அந்தக் கேடியிடம் வீட்டு விஷயத்தை நோண்டாதீர்கள்.

5. மெதுவாக ஆடி அடுத்தவர் பொறுமையைச் சோதிக்காதீர்கள்.

சுமாராக ஆடுவதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. காக்க வைப்பதைத்தான் பொறுக்கமாட்டார்கள். முறை வந்ததும் 40 விநாடிக்குள் அடித்துவிட வேண்டும் என்பது விதிப் புத்தகத்தின் பரிந்துரை. தொலைந்த பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிடம் இருந்தது. 2019-ல் மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். பந்து புதருக்குள் போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், நடக்கத் தொடங்கும் முன்பே 'புரொவிஷனல்' என்று சொல்லி இன்னொன்றை அடித்துவிடுங்கள்.

ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஆடலாமா என்று நீங்களே கேட்கலாம். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற ஆங்கிலேய மருத்துவர் வகுத்த முறை அது. 1932-ல் வாலசி கிளப்பில் போட்டியாக நடந்தது. ஹோலுக்கு ஹோல் புள்ளி என்பதால், இனி இதில் புள்ளி கிடைக்காது என்று தெரிந்ததும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம். புதியவருக்கு இதைவிட நிம்மதி வேறில்லை.

6. கலைத்ததைச் சரிசெய்துவிட்டு நகருங்கள்.

பங்க்கர் மணலில் இறங்கினால் கால் தடத்தை ரேக்கால் சமன்படுத்துங்கள். பெயர்ந்த புல்லை எடுத்து வந்து பொருத்தி மிதியுங்கள். பந்து விழுந்து கிரீன் குழிந்திருந்தால் அதற்கென்று உள்ள சின்னக் கவையை எடுங்கள். இதைப் பலர் தப்பாகச் செய்கிறார்கள்: அடியில் குத்தி மண்ணை மேலே நெம்பினால் வேர் அறுந்து அந்த இடம் காய்ந்துவிடும். குழியின் விளிம்பில் குத்தி, சுற்றிலுமிருந்து நடுவை நோக்கித் தள்ளுங்கள். பிறகு பட்டரின் அடிப்பக்கத்தால் மெல்லத் தட்டிவிடுங்கள். உங்களுடையதைச் சரிசெய்த கையோடு பக்கத்தில் இருக்கும் இன்னொன்றையும் சேர்த்துச் செய்யுங்கள்.

அவர் பட் செய்யும்போது பந்துக்கும் குழிக்கும் நடுவே உள்ள வழியை மிதிக்காதீர்கள். உங்கள் நிழலும் அதில் விழக் கூடாது. பந்து ஆட்கள் இருக்கும் பக்கம் பறந்தால் கூச்சப்படாமல் 'ஃபோர்!' என்று உரக்கக் கத்துங்கள்.

7. தண்டனையை நீங்களே சொல்லுங்கள்.

கால்ஃபின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கிளப் ஆட்டத்தில் உங்கள் பின்னால் எந்த நடுவரும் வரமாட்டார். மாமனார் எதிர்க்கரையில் தன் பந்தைத் தேடிக்கொண்டிருப்பார்; நீங்கள் இந்தப் பக்கம் முழங்கால் உயரப் புல்லில் தனியாக நிற்பீர்கள். கிளப்பைப் பந்துக்குப் பின்னால் வைக்கும்போது புல் அசைந்து பந்து அரை விரற்கடை உருண்டுவிடும். யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். கையைத் தூக்கி, "அங்கிள், பந்து நகர்ந்துடுச்சு, எனக்கு ஒண்ணு கூட்டிக்கோங்க" என்று சொல்லி, பந்தைப் பழைய இடத்தில் வைத்து அடியுங்கள்.

1925 அமெரிக்க ஓபனில் பாபி ஜோன்ஸ் இதைத்தான் செய்தார். ரஃபில் அவர் பந்து இலேசாக அசைந்தது; வேறு யாரும் கவனிக்கவில்லை; தானே ஒரு ஸ்ட்ரோக் தண்டனை போட்டுக்கொண்டார். போட்டி முடிவில் வில்லி மக்ஃபார்லேனோடு சமநிலை, பிளே-ஆஃபில் தோல்வி. அந்த ஒன்று இல்லாவிட்டால் பட்டம் அவருக்குத்தான்.

விதியையும் தெரிந்துகொள்ளுங்கள்: தேடும்போது தெரியாமல் கால் பட்டுப் பந்து நகர்ந்தால் இப்போது தண்டனை இல்லை, திருப்பி வைத்தால் போதும். இல்லாத தண்டனையைப் போட்டுக்கொண்டு நல்லவர் என்று காட்டவும் வேண்டாம்.

8. வேண்டுமென்றே தோற்காதீர்கள்.

அவருக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று இரண்டடி பட்டைத் தள்ளிவிடுவது பணிவு ஆகாது. பல வருடம் ஆடியவருக்கு அது உடனே தெரியும். தன்னை இச்சகத்தால் மயக்கப் பார்க்கிறான் என்றுதான் அவர் நினைப்பார். ஜெயித்தால் கை கொடுத்து "தேங்க்ஸ் அங்கிள்" என்று சொல்லி அதோடு விடுங்கள்.

கிம்மி கொடுப்பது வேறு. 1969 ரைடர் கோப்பையின் கடைசி ஆட்டம், கடைசி ஹோல். ஜாக் நிக்லாஸ் தன் பந்தைக் குழியில் போட்டுவிட்டு, டோனி ஜாக்லினின் சுமார் இரண்டடி பட்டை அடிக்கச் சொல்லாமலே ஒப்புக்கொண்டார். கோப்பை 16-16 என்று சமனில் முடிந்தது. பின்னாளில் இருவரும் சேர்ந்து ஃபுளோரிடாவில் அமைத்த மைதானத்துக்கு 'தி கன்செஷன்' என்றே பெயர். மாமனாரின் பந்து குழிக்குப் பக்கத்தில் நின்றால் 'குட்' என்று சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பந்தை மட்டும் அவர் சொல்லாமல் எடுக்காதீர்கள்.

9. கெட்ட ஷாட்டுக்குக் காரணம் தேடாதீர்கள். பேச்சில் நிதானம் இருக்கட்டும்.

காற்று, புல், பக்கத்து டீயில் பேசியவர் என்று பழி சொன்னால் கேட்கிறவருக்கு அலுத்துவிடும். கிளப்பைத் தரையில் அடிப்பது, கெட்ட வார்த்தை, இரண்டும் அறவே ஆகாது. அவருக்கு ஸ்விங் சொல்லித்தராதீர்கள்; அவர் சொல்லித்தந்தால் நன்றி சொல்லி ஒருமுறை முயன்று பாருங்கள்.

பதினெட்டு ஹோல் முடிய நான்கு மணி நேரம் ஆகும். பந்தடிப்பது அதில் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் நடை. போனை சைலண்ட்டில் போட்டுவிடுங்கள். அவர் யாரிடம் ஆட்டம் கற்றார், ஊட்டிக் காற்றில் பந்து எப்படிப் போகும் என்று கேளுங்கள், மனம்விட்டுப் பேசுவார். கல்யாணத் தேதி, செலவு, சீர் பற்றி நீங்களாக எடுக்காதீர்கள். வேலையையும் கடனையும் பற்றி அவர் கேட்டால் ஸ்கோர் சொல்வதுபோலவே ஒளிக்காமல் சொல்லுங்கள்.

10. கார்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் ஸ்கோரை அவரும் அவர் ஸ்கோரை நீங்களும் எழுதுவதுதான் முறை. ஹோலுக்கு ஹோல் சொல்லிச் சரிபாருங்கள். 1968 மாஸ்டர்ஸில் ராபர்டோ டி விசென்சோ 17-ஆவது ஹோலில் மூன்றில் முடித்தார். கூட ஆடியவர் நான்கு என்று எழுதிவிட்டார். பார்க்காமல் கையெழுத்துப் போட்டதால் நான்கே நிலைத்தது. பிளே-ஆஃப் வாய்ப்பு போய்விட்டது. எட்டு அடித்த ஹோலில் அவர் பெரிய மனதோடு ஏழு என்று எழுதியிருந்தால், "எட்டு அங்கிள்" என்று திருத்துங்கள்.

பிறகு கேடிகளுக்குக் கொடுக்க வேண்டியதை நிறைவாகக் கொடுங்கள். டிபன் சாப்பிடும்போது அடுத்த ஆட்டத்துக்கு நீங்களே நாள் கேளுங்கள். "அப்பா என்னைப் பத்தி என்ன சொன்னார்?" என்று அன்று மாலையே அந்தப் பெண்ணிடம் துருவாதீர்கள். யார் ஜெயித்தது என்பது ஒரு வாரத்தில் இருவருக்கும் மறந்துபோகும். எட்டை எட்டு என்று சொன்னவர் நீங்கள் என்பது அவருக்கு மறக்காது. பெண்ணைக் கொடுக்கிற தகப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதும் அதுதான்.