அறிவு எங்கே உறைகிறது?



பட்டம் பெற்றதும் நம்மிற் பலர் வேலை நாடிச் செல்லும் ஊர்களுள் ஒன்று வைட்ஃபீல்ட். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப் பாதையில், நகரை எட்டுவதற்குச் சற்று முன்னர் வரும் நிலையம் அது. 1882-ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் அளித்த நிலத்தில், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பயிர்செய்து வாழ்வதற்கென எழுந்த சிற்றூர். 1990-களின் இறுதியில் அங்கே பன்னாட்டுத் தொழில்நுட்பப் பூங்கா தோன்றியது. இன்று கண்ணாடி மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. அம்மாளிகைகளில் பஞ்சுப் பொதியும் இல்லை, இரும்புத் தகடும் இல்லை. அங்கு விற்கும் சரக்கு அறிவே. அப்படியாயின், அச்சரக்கு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கண்டது

சென்ற ஆண்டு, படிப்பின் இறுதிப் பருவத்தில், அங்குள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு திங்கள் பயிற்சி பெற்றேன். அதன் பெயர் இங்கு வேண்டா. மாதந்தோறும் வாடிக்கையாளர்களுக்குப் பில் அனுப்பும் பழைய மென்பொருள் ஒன்றைப் பேணிக் காப்பது எங்கள் குழுவின் வேலை. அதன் நெளிவு சுளிவுகளையெல்லாம் அறிந்தவர் மூத்தவர் ஒருவரே. அவர் வேறு வேலைக்குச் சென்றார். செல்லுமுன் நாற்பது பக்கங்களில் குறிப்பு எழுதி வைத்தார். எல்லாம் எழுத்தில் வந்துவிட்டது என்று மேலாளர் மனநிறைவு கொண்டார்.

எதைச் செய்ய வேண்டும் என்பது அக்குறிப்பில் இருந்தது. ஏன் செய்ய வேண்டும் என்பது இல்லை. மாதக் கடைசி நாளில் ஒரு வேலையை நிறுத்திவிட்டுத்தான் மற்றொன்றைத் தொடங்க வேண்டும். அதை அவர் கைப்பழக்கமாகச் செய்து வந்தார். எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. விளைவு என்ன? நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே பில் இருமுறை சென்றது. இரண்டு இரவுகள் குழு முழுவதும் உறங்கவில்லை.

இங்கே ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்விரு வேலைகளும் ஒரே நேரத்தில் தொடங்குமாறு அமைந்திருந்ததை நான் ஒரு வாரம் முன்பே கண்டேன். ஆனால் கேட்கவில்லை. முந்திய கூட்டமொன்றில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் ஐயம் எழுப்பினார். "இதுகூடத் தெரியாமலா வேலைக்கு வந்தீர்கள்?" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தோம். சிரித்தவர்களுள் நானும் ஒருவன். அந்தச் சிரிப்புத்தான் பிறகு என் வாயையும் அடைத்தது.

புள்ளிகளும் அறிவும்

பெரிய நிறுவனங்களும் இச்சிக்கலைக் கண்டவையே. 1981-இல் புனேயில் தொடங்கி, 1983-இல் பெங்களூருக்கு வந்தது இன்போசிஸ். ஒருவர் கற்றதை அனைவரும் பயன்படுத்துமாறு, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கே-ஷாப் என்னும் மின்னணு அறிவுக் களஞ்சியத்தை அது அமைத்தது. கை நிறைய வேலை உள்ளவர்கள் எழுத முன்வரவில்லை. எனவே, கட்டுரை எழுதுவோருக்கும் அதைச் சரிபார்ப்போருக்கும் புள்ளிகள் வழங்கினர். அப்புள்ளிகளைப் பரிசாக மாற்றிக்கொள்ளலாம்.

கட்டுரைகள் வெள்ளமாக வந்தன. ஆனால் சரிபார்ப்போர் திணறினர். வேண்டியதைத் தேடி எடுப்பது அரிதாயிற்று. அறிவுக்காக எழுதுகிறார்களா, புள்ளிக்காக எழுதுகிறார்களா என்ற ஐயமும் எழுந்தது. 2002-இல் நிறுவனம் முறையை மாற்றியது. எழுதியதற்கான புள்ளிகளைக் குறைத்து, படித்தவருக்கு அது பயன்பட்டதா என்பதற்கு முதன்மை தந்தது. குழுவின் அறிவுத் தேவையைக் கவனிக்கும் பொறுப்பைக் குழுவுக்குள்ளேயே ஒருவரிடம் ஒப்படைத்தது. களஞ்சியம் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. களஞ்சியத்தை உயிரோடு வைத்திருப்பவர்கள் குழுவில் உள்ள மனிதர்களே என்பதுதான் இதிற் பெறும் பாடம்.

பிழையைச் சொல்லும் குழு

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன், மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்து 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல தலைமை உடைய குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்பதே யாரும் எதிர்பார்ப்பது. ஆனால் கணக்கில் அவை மிகுதியாகத் தெரிந்தன! காரணத்தைத் தேடியபோது அவர் கண்டது இது: அக்குழுக்கள் பிழைகளை மறைக்காமல் சொல்லின, மற்றவை அச்சத்தால் மறைத்தன. பின்னர் ஒரு தொழில் நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, 1999-இல் அவர் மேலும் ஒன்றைக் காட்டினார். கேட்டால் இகழமாட்டார்கள் என்ற நம்பிக்கை உள்ள குழுவே மிகுதியாகக் கற்கிறது. அந்நம்பிக்கையை வளர்ப்பதில் தலைவரின் நடத்தைக்குப் பெரும் பங்குண்டு.

எங்கள் குழுவிலும் இதைக் கண்டேன். இருமுறை பில் சென்ற பிறகு நடந்த கூட்டத்தில், மேலாளர் முதலில் எழுந்து, "போகிறவரிடம் நானே உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்; தவறிவிட்டேன்" என்றார். அதன் பின்னரே எனக்கு வாய் திறந்தது. அன்று முதல் வெள்ளிதோறும் அரைமணி நேரம், தமக்கு விளங்காததை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. விலகிச் செல்பவர் புதியவரின் அருகே இரு வாரம் அமர்ந்து வேலை செய்ய வேண்டும் என்றும் முடிவாயிற்று. இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஆனால் நேரம் வேண்டும். அந்நேரத்தை வேலை நேரத்திலிருந்தே ஒதுக்கித் தருவது மேலாளரின் கடமை.

நம் கடமை

தோழர்களே! கேட்டால் மானம் போகும் என்ற அச்சம் வகுப்பறையிலேயே நம்மைப் பற்றிக்கொள்கிறது. ஆங்கிலம் தடுமாறுமோ என்று வாய் மூடி இருப்போர் நம்முள் எத்தனை பேர்! அவ்வச்சத்தை வேலைக்கும் சுமந்து செல்கிறோம். நாளை நம்மில் சிலர் குழுத் தலைவர்களாவோம். அன்று, கேட்பவனைப் பார்த்து நாம் சிரிப்போமா, அவனுக்கு இடம் கொடுப்போமா?

பயிற்சி முடிந்து புறப்படும் நாளில், அந்தப் பெண்ணிடம் சென்று அன்று சிரித்ததற்காக வருத்தம் தெரிவித்தேன். அவர் எழுப்பிய ஐயம் என்னவென்றும் கேட்டேன். அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்தார். அவருக்கே அது மறந்துபோயிருந்தது. அவ்வாறு மறைந்துபோகும் ஐயங்களால் ஒரு நிறுவனம் எவ்வளவு அறிவை இழக்கிறது என்பதை எந்தக் கணக்கேட்டிலும் காண முடியாது.