பீடி, சிகரெட்டை விட: மன உறுதி போதுமா, மருந்தும் வேண்டுமா?

 

புகைப்பது கெடுதி என்பது தெரியாதவர் நம் ஊரில் யாரும் இல்லை. விட வேண்டும் என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. 2016-17இல் மத்திய அரசு நடத்திய தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 55 சதவீதம் பேர் விட்டுவிடத் திட்டமிடுவதாகவோ யோசிப்பதாகவோ சொன்னார்கள். எண்ணம் இருந்தும் ஏன் முடிவதில்லை, எந்த வழியில் விட்டால் நிலைக்கும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். புகைப்பது மக்ரூஹா, ஹராமா என்ற விளக்கத்தை நம் ஆலிம்கள் ஜும்ஆ பயான்களில் சொல்லி வருகிறார்கள். விட முடிவு செய்தவருக்கு வழி காட்டுவதே இங்கு நம் வேலை.

நம் ஊரின் தனிச் சிரமம்

மேலப்பாளையம், பேட்டை, முக்கூடல், வீரவநல்லூர், ஆலங்குளம், கடையநல்லூர் என்று நம் பகுதியில் எங்கு போனாலும் பீடி சுற்றும் வீடுகள் உண்டு. அந்தக் கூலியில்தான் எத்தனையோ பிள்ளைகள் படித்தார்கள், எத்தனையோ குமர்கள் கரையேறினார்கள். சுற்றும் தாய்மார்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் இலையும் தூளும் வீட்டுத் தட்டிலேயே இருக்கும்போது, விட நினைக்கும் வாப்பாவுக்கும் மகனுக்கும் மற்ற ஊர்க்காரர்களை விடச் சிரமம் அதிகம். கடைக்குப் போகவே வேண்டாம். கையை நீட்டினால் போதும்.

"சிகரெட் என்றால்தான் ஆபத்து, பீடி இலைதானே" என்ற பேச்சும் நம்மிடம் உண்டு. இது தவறு. பீடியில் தூள் குறைவுதான். ஆனால் அது அடிக்கடி அணைந்துவிடும். அணையாமல் இருக்க வேகமாகவும் ஆழமாகவும் இழுக்கிறோம். அதனால் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகின்றன. 2008இல் வெளியான இந்திய அளவிலான ஆய்வு ஒன்றின்படி, பீடி குடிக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டும், சிகரெட் குடிக்கும் ஆண்கள் 10 ஆண்டும் ஆயுளை இழக்கிறார்கள்.

நம் மாநிலத்திலேயே நடந்த ஆய்வும் இருக்கிறது. சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் விவரங்களை டாக்டர் வேந்தன் கஜலட்சுமி குழுவினர் திரட்டி, 2003இல் வெளியிட்டார்கள். காசநோயால் இறக்கும் ஆபத்து புகைக்காதவரை விடப் புகைப்பவருக்கு நான்கு மடங்குக்கு மேல் என்று அதில் தெரிந்தது. மாரடைப்பு, புற்றுநோய் என்றுதான் நாம் பயப்படுகிறோம். நெருக்கமான வீடுகளில் கூட்டாக வாழும் நமக்குக் காசநோயும் அதே அளவு கவலை தர வேண்டிய விஷயம்.

ஏன் விட முடிவதில்லை?

புகையை இழுத்த பத்து இருபது விநாடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே அது ஒரு சுகத்தைத் தருகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும்போது மூளை மறுபடி கேட்கிறது. கொடுக்காவிட்டால் எரிச்சல், கோபம், தூக்கமின்மை, மனச்சோர்வு, எதிலும் கவனம் நிற்காமை, அடங்காப் பசி எல்லாம் வரும். முதல் மூன்று நாட்கள்தான் மிகக் கடுமை. இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆகவே மூன்றாம் நாள் வீட்டில் எரிந்து விழுபவர் ஈமான் குறைந்தவரும் இல்லை, கோழையும் இல்லை. அவர் உடம்பு மருந்து கேட்கும் நிலையில் இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை போடுவதை நாம் பலவீனம் என்று சொல்வதில்லை. இதையும் அப்படியே பார்க்க வேண்டும்.

வழி 1: மன உறுதி மட்டும்

ஒரே நாளில் தூக்கி எறிந்து, திரும்பிப் பார்க்காதவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எந்த உதவியும் இல்லாமல் விடுபவர்களில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உறுதி இல்லாமல் எந்த வழியும் பலிக்காது என்பது உண்மை. உறுதி ஒன்றே எல்லோருக்கும் போதும் என்பது உண்மையல்ல.

வழி 2: நிகோடின் கம், பேட்ச்

புற்றுநோயையும் மாரடைப்பையும் கொண்டுவருவது பெரும்பாலும் புகையில் உள்ள தாரும் மற்ற நச்சுகளும். நம்மைக் கட்டிப்போடுவது நிகோடின். புகையை நிறுத்திவிட்டு, நிகோடினை மட்டும் சிறிது சிறிதாகக் கொடுத்து, பிறகு அதையும் குறைப்பதுதான் இந்த முறை. 2022இல் வெளியான நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதுவும் சேர்க்கப்பட்டது.

கம் 2 மி.கி., 4 மி.கி. என்ற அளவுகளில் வருகிறது. காலையில் எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடியைப் பற்ற வைப்பவருக்குப் பெரும்பாலும் 4 மி.கி. தேவைப்படும். அதை மருத்துவர் எழுதித் தந்த பிறகே வாங்க வேண்டும்.

பலர் இதை மிட்டாய் மாதிரி வேகமாக மென்று, விக்கலும் வயிற்று எரிச்சலும் வந்து, "எனக்கு ஒத்துவரவில்லை" என்று போட்டுவிடுகிறார்கள். வெற்றிலையை அடக்குவது போல நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் சில முறை மெல்லுங்கள். காரமாகச் சுருக்கென்று இருந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வையுங்கள். சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து டீ, காபி, எலுமிச்சை ஜூஸ் வேண்டாம். மருந்து ஈறில் இறங்காது. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு படிப்படியாகக் குறைத்துப் பன்னிரண்டாம் வாரத்தில் நிறுத்துவது வழக்கமான கணக்கு. ஒரு நாளில் 24-க்கு மேல் கூடாது.

பேட்ச் என்பது தோலில் ஒட்டும் பட்டை. காலையில் ஒட்டினால் நாள் முழுதும் சீராக நிகோடின் தரும். தினமும் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். பேட்சை ஒட்டிக்கொண்டு, திடீர் ஆசை வரும்போது மட்டும் கம் மெல்லும் கூட்டு முறை, ஒன்றை மட்டும் பயன்படுத்துவதை விட நல்ல பலன் தருகிறது.

கம்மும் பேட்சும் இருக்கும்போதே பீடியையும் தொடர்ந்தால் பயனில்லை. வாயில் ஒதுக்கும் புகையிலைக்கு மாறுவதும் தீர்வல்ல. அது வாய்ப் புற்றுக்கு வழி. இ-சிகரெட் விற்பது 2019 முதல் நம் நாட்டில் சட்டப்படி குற்றம்.

வழி 3: மாத்திரைகள்

வாரெனிக்ளின், புப்ரோபியான் என்று இரண்டு மாத்திரைகள் உண்டு. இரண்டையும் மருத்துவர் சீட்டில்தான் வாங்க வேண்டும்.

வாரெனிக்ளின் மூளையில் நிகோடின் உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. ஏக்கம் குறையும்; புகைத்தாலும் பழைய சுகம் கிடைக்காது. விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே குறைந்த அளவில் தொடங்கிப் பன்னிரண்டு வாரம் சாப்பிட வேண்டும். குமட்டலும் விசித்திரக் கனவுகளும் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

புப்ரோபியான் முதலில் மனச்சோர்வுக்கு வந்த மருந்து. ஒன்று அல்லது இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவருக்கு இது ஆகாது.

இவற்றை 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு ஒப்பிட்டது. 16 நாடுகளில் 8,000-க்கு மேற்பட்ட சிகரெட் புகைப்பவர்கள் அதில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் ஆலோசனையும் தரப்பட்டது. ஒன்பதாம் வாரத்திலிருந்து ஆறாம் மாதம் வரை தொடாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் தெரியுமா? வாரெனிக்ளின் எடுத்தவர்களில் 22, புப்ரோபியானில் 16, பேட்சில் 16, மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 9. இந்த மருந்துகளால் மனநலப் பாதிப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்றும் அந்த ஆய்வில் தெரிந்தது.

இந்தக் கணக்கில் இரண்டு பாடங்கள் உண்டு. மருந்து சேர்ந்தால் வாய்ப்பு இரட்டிப்பு அளவுக்குக் கூடுகிறது. அதே சமயம், சிறந்த மருந்திலும் நூற்றுக்கு 78 பேர் தடுமாறினார்கள். ஒருமுறை தோற்றவர் மறுமுறை முயல வெட்கப்பட வேண்டியதில்லை.

நோன்பு காலம் ஒரு நல்ல வாய்ப்பு

எத்தனை கட்டு குடிப்பவரும் ரமலானில் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடாமல் இருக்கிறார். அந்த உறுதி அவரிடம் ஏற்கனவே இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. நோன்பு திறந்து, கஞ்சி குடித்த கையோடு பள்ளிவாசல் சந்தில் பற்ற வைக்கும் அந்த முதல் பீடியில்தான் பகலின் உழைப்பு வீணாகிறது. மஃரிபிலிருந்து தராவீஹ் வரை கடந்துவிட்டால் பெரும் பகுதியைக் கடந்துவிடலாம்.

கம் மெல்வது நோன்பை முறிக்கும். இரவில்தான் பயன்படுத்த வேண்டும். தோல் வழியாக உறிஞ்சப்படும் மருந்துப் பட்டைகள் நோன்பை முறிக்காது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997இல் ஜித்தா கூட்டத்தில் முடிவு செய்தது. பேட்ச் ஒட்டுபவர்கள் தம் பள்ளி ஆலிமிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும். மாத்திரை நாளுக்கு இரு வேளை என்பதால் இஃப்தாருக்குப் பின்னும் ஸஹரிலும் என்று வைத்துக்கொள்ள முடியுமா என மருத்துவரிடம் கேளுங்கள்.

செய்ய வேண்டியவை

1. இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறித்து நிய்யத் வையுங்கள். வீட்டாரிடமும் ஒரு நண்பரிடமும் சொல்லுங்கள்.
2. அதற்குள் மருத்துவரைப் பார்த்து, எந்த வழி என்று முடிவு செய்யுங்கள். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், வலிப்பு அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் தாமாக எதையும் வாங்க வேண்டாம்.
3. சர்க்கரை நோயாளிகள் விட்ட பிறகு சர்க்கரை அளவைப் பரிசோதியுங்கள். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுபவர் புகையை நிறுத்தினால் அந்த மருந்தின் அளவு உடலில் கூடும்; மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.
4. ஆசை வரும்போது அது சில நிமிடங்களில் தணியும் என்பதை நினையுங்கள். தண்ணீர் குடியுங்கள், ஒளுச் செய்யுங்கள், நாலு எட்டு நடங்கள்.
5. டீக்கடைப் பெஞ்சை ஒரு மாதம் தவிருங்கள். டீயை வீட்டிலேயே குடியுங்கள்.
6. ஒன்று குடித்துவிட்டால் "எல்லாம் போச்சு" என்று கட்டை வாங்காதீர்கள். அடுத்த வேளையே மறுபடி நிறுத்துங்கள்.

வீட்டார் கவனத்துக்கு

முதல் வாரம் அவர் கோபப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். "நீங்களாவது விடுறதாவது" என்ற ஒரு சொல் போதும், அவர் திரும்பக் கடைக்குப் போக. பீடி சுற்றும் வீடாக இருந்தால் சுற்றியதை அன்றன்றே கடையில் கொடுத்துவிடுங்கள். தட்டையும் தூளையும் அவர் கண்ணில் படாமல் மூடி வையுங்கள். கழிவு பீடி வீட்டில் தங்கக் கூடாது. பிள்ளைகளை அனுப்பி பீடி வாங்கி வரச் சொல்லும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

"இந்த வயசுக்கு மேல் விட்டு என்ன" என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு செய்தி. பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2004இல் வெளியானது. 30 வயதில் விட்டவருக்கு சுமார் 10 ஆண்டும், 40இல் 9 ஆண்டும், 50இல் 6 ஆண்டும், 60இல் 3 ஆண்டும் ஆயுள் மிச்சமாவதாக அதில் தெரிந்தது. ஆயுள் அல்லாஹ்வின் கையில். உடம்பு அவன் தந்த அமானிதம். அதைப் பேணுவது நம் பொறுப்பு. பேரன் பேத்தியின் கல்யாணத்தைப் பார்க்க மூன்று ஆண்டு சிறிய காலமா என்ன?

உதவி எங்கே?

தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்: 1800-11-2356. கட்டணம் இல்லை. 2016இல் தொடங்கியது, தமிழிலும் பேசலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ கேளுங்கள். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசின் மருத்துவமனை இருக்கிறது.

கம்மும் பேட்சும் ஒரு நாள் பீடிச் செலவை விட அதிகம் என்பது கூலி வேலை செய்பவர்களுக்கு உண்மையான தடை. மருத்துவர் சீட்டுடன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தால், மருத்துவ உதவி நிதியிலிருந்து முதல் மாதச் செலவுக்கு உதவுவோம், இன்ஷா அல்லாஹ். பெயர் வெளியே வராது. பெண்களும் தயங்காமல் வீட்டார் மூலமாக விண்ணப்பிக்கலாம்.

விட நினைக்கும் ஒவ்வொருவருக்கும் வல்ல அல்லாஹ் அதை எளிதாக்கி, நிலைத்திருக்கும் பாக்கியத்தையும் தருவானாக. ஆமீன்.